குலுக்கலுக்கு வந்த வீடுகள்

கடந்த தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்பு, எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் பங்குமனை வாசலில் வந்து நின்றார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். மனைவியின் மருத்துவத்திற்காக வாங்கிய கடன், வட்டியோடு சேர்ந்து அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருப்பது எனக்கு முன்பே தெரியும். அன்று அவர் உதவி கேட்டு வரவில்லை. ஒரு திட்டத்தோடு வந்திருந்தார்.

"சாமி, வீட்டை விற்கலாமென்று போனால் என் அவசரத்தைப் பார்த்துப் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். ஆயிரம் ரூபாய்ச் சீட்டு மூவாயிரம் அடித்தால் முப்பது லட்சம் சேர்ந்துவிடும். யார் பெயருக்கு விழுகிறதோ அவருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். என் கடனும் தீரும். யாரோ ஓர் ஏழைக்கும் ஆயிரம் ரூபாயில் வீடு கிடைக்கும். நீங்கள் கோயிலில் ஓர் அறிவிப்பு மட்டும் கொடுத்தால் போதும்."

நான் தயங்குவதைக் கண்டு அவர் மேலும் ஒன்று கேட்டார்: "இதில் தப்பு ஏதும் இல்லையே, சாமி? நம் திருவிழாவிலும் சீட்டுப் போடுகிறோமே?"

அந்த இரண்டாம் கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டு அவரை அனுப்பி வைத்தேன். அந்த வாரத்தில் வழக்கறிஞர் ஒருவரிடம் உசாவியும் பழைய நூல்களைப் புரட்டியும் நான் அறிந்தவற்றையே இங்கு வாசகரோடு பகிர்ந்துகொள்கிறேன். வீட்டைக் குலுக்கலுக்கு விடும் எண்ணம் எங்கள் பங்கில் தோன்றிய புதுமையன்று. அதற்கு இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் கடன்பட்டவர்களின் கண்ணீரே அதிகம்.

சகோதரர்களின் மாளிகைகள்

இலண்டன் மாநகரில் தேம்சு ஆற்றங்கரையில் ஆதாம் குடும்பத்துச் சகோதரர்கள் கட்டடக் கலைஞர்களாகப் புகழ் பெற்றிருந்தனர். ஆற்றோரத்துச் சேற்று நிலத்தில் வளைவு மண்டபங்களை எழுப்பி, அவற்றின் மேல் அழகிய வீடுகளை வரிசையாகக் கட்டத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அடெல்ஃபி'. கிரேக்க மொழியில் 'சகோதரர்கள்' என்பது அதன் பொருள். தூய பவுல் தம் திருமுகங்களில் இறைமக்களை அழைக்கும் அதே சொல். ஆனால் 1772ஆம் ஆண்டில் வங்கிகள் பல முறிந்தன. கடன் கொடுப்பார் இல்லை. கட்டிய வீடுகளை வாங்குவாரும் இல்லை.

அப்போது அவர்கள் குலுக்கலை நாடினர். எனினும் நினைத்தவுடன் சீட்டு அடித்துவிட முடியவில்லை. தனியார் நடத்தும் குலுக்கல்கள் பொதுத் தொல்லை என்று பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் செய்திருந்தது. ஆகவே தங்களுக்கென ஒரு தனிச் சட்டத்தையே நாடாளுமன்றத்தில் கேட்டு, 1773இல் பெற்றனர். சீட்டு ஒன்றின் விலை 50 பவுண்டு; சீட்டுகள் 4,370; பரிசுகள் 108. குலுக்கல் 1774இல் நடந்தது. மொத்தத் தொகை 2,18,500 பவுண்டு. சகோதரர்கள் பிழைத்துக்கொண்டனர்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் அன்றே குலுக்கலை முழுவதுமாக ஒழித்துவிடவில்லை; வாசலைப் பூட்டித் திறவுகோலைத் தன் கையில் வைத்துக்கொண்டது. செல்வாக்கு உள்ளவர்க்கு வாசல் திறந்தது. ஐம்பது பவுண்டுச் சீட்டை வாங்கக்கூடியவர் எவர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அது செல்வர்கள் செல்வர்களுக்கு நடத்திய விளையாட்டு.

கல்கத்தாவில் ஒரு கடைத்தெரு

இதே வழக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. கல்கத்தாவில் எட்வர்டு திரெட்டா என்றொருவர் இருந்தார். வெனிசு நகரத்தவர், கத்தோலிக்கர். தாயகத்தை விட்டு வந்து, கல்கத்தாவின் தெருக்களையும் கட்டடங்களையும் மேற்பார்வை செய்யும் அலுவலராக உயர்ந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு பெரிய கடைத்தெருவே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் கடனில் மூழ்கி நொடித்துப்போனபோது, அவருக்குக் கடன் கொடுத்தவர்களின் நலனுக்காக அந்தக் கடைத்தெரு குலுக்கலில் பரிசாக வைக்கப்பட்டது. அதன் மதிப்பு 1,96,000 ரூபாய். பரிசு சார்லஸ் வெஸ்டன் என்பாருக்குக் கிடைத்தது. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த அவர் வறியோர்க்கு வாரி வழங்கியவர் எனப் பெயர் பெற்றவர்.

கடைத்தெரு கைமாறியும் பெயர் மாறவில்லை. இன்றும் கொல்கத்தாவில் அது 'திரெட்டா பஜார்' என்றே வழங்குகிறது. சீனக் குடிகள் வாழ்ந்த பழைய பகுதி அது. அதிகாலையில் அங்கே சீனச் சிற்றுண்டி உண்ணச் செல்வோர் பலர். சீட்டில் கைமாறிய தெருவில் நிற்கிறோம் என்பதை அறிந்தவர் சிலரே. பொருளை இழந்த திரெட்டா 1796இல் தம் இளம் மனைவியையும் இழந்தார். அவரை அடக்கம் செய்வதற்காகக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்றை அமைத்தார். கடைத்தெருவைச் சீட்டு கொண்டுபோயிற்று. அவர் மனமுவந்து கொடுத்த நிலம் அவர் பெயரோடு நம் மக்களுக்குக் கிடைத்தது.

அக்காலக் கல்கத்தாவில் குலுக்கல் இன்றி எதுவும் கட்டப்படவில்லையோ என்று எண்ணத் தோன்றும். ஆங்கிலேயரின் தூய யோவான் ஆலயத்திற்கும் நகர மண்டபத்திற்கும் சீட்டுப் பணம் சேர்ந்தது. 1817இல் 'லாட்டரிக் குழு' என்றே ஒரு குழு அமைந்து சாலைகளையும் குளங்களையும் அமைத்தது. ஆட்சியாளர்க்கு எளிதான வழி அது. வரி என்றால் மக்கள் முணுமுணுப்பர். சீட்டு என்றால் சிரித்துக்கொண்டே கொடுப்பர்.

மொன்டிசெல்லோவின் மூன்று பரிசுகள்

என் மனத்தை மிகவும் அசைத்த நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. அந்நாட்டின் விடுதலை அறிக்கையை வரைந்தவரும் மூன்றாம் குடியரசுத் தலைவருமான தாமஸ் ஜெஃபர்சன், முதுமையில் பெருங்கடனாளியாக இருந்தார். மாமனார் வழியே வந்த பழைய கடன், விருந்தோம்பலிலும் கட்டடத்திலும் கைகொள்ளாத செலவு, 1819இன் பொருளாதார வீழ்ச்சி ஆகியவை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. நண்பர் ஒருவருக்காக 20,000 டாலருக்குப் பிணைக் கையெழுத்திட்டிருந்தார். நண்பர் நொடித்துப்போகவே அச்சுமையும் இவர் தலையில் விழுந்தது. 1815இலேயே தம் நூலகத்தை நாட்டின் பேரவைக்கு விற்றிருந்தார். 1826இல் மிஞ்சியிருந்தவை நிலங்களும், மலைமேல் தாமே வரைந்து கட்டிய மொன்டிசெல்லோ மாளிகையுமே.

நிலத்தின் விலை வீழ்ந்து கிடந்தது. விற்றால் கடன் அடையாது. நம் பங்குக் குடும்பத் தலைவர் சொன்ன அதே சொல்: பாதி விலைக்குக் கேட்கிறார்கள். ஆனால் அவர் வாழ்ந்த வர்ஜீனியா மாநிலத்தில் தனியார் குலுக்கல் 1769 முதலே தடை செய்யப்பட்டிருந்தது. ஆகவே எண்பத்திரண்டு வயதில், தாம் ஒருகாலத்தில் ஆண்ட மாநிலத்தின் சட்டமன்றத்திடம் அவர் அனுமதி கேட்டு நிற்க நேர்ந்தது. குலுக்கலைப் பற்றி ஒரு நீண்ட விளக்கமும் எழுதினார். உழவும் வணிகமும் கடற்பயணமும்கூட வாய்ப்பை நம்பியவையே என்றார். பெருஞ்சொத்து ஒன்றை முழு விலை கொடுத்து வாங்க ஒருவரால் இயலாதபோது, பலர் சிறு தொகை கொடுத்து ஒருவர் பெறுவது நேர்மையான வழி என்று வாதிட்டார். முன்னர் அம்மாநிலத்தில் கல்விக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும் இவ்வாறு அனுமதி தரப்பட்டதையும் சுட்டினார்.

1826 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு வேதனை காத்திருந்தது. நிலங்களை மட்டும் பரிசாக வைத்து, வீட்டைக் காத்துக்கொள்ளலாம் என்று அவர் எண்ணியிருந்தார். வீட்டையும் சேர்த்தால்தான் சீட்டு விற்கும் என்பது பின்னரே தெரிந்தது. மூன்று பரிசுகள் அறிவிக்கப்பட்டன. மொன்டிசெல்லோவின் மதிப்பு 71,000 டாலர். மாவு ஆலைகள் 30,000 டாலர். மற்றொரு நிலம் 11,500 டாலர். சீட்டு ஒன்று 10 டாலர். தம் வாழ்நாள் வரையேனும் அந்த வீட்டில் இருக்கலாம் என்பதே முதியவரின் ஆறுதல்.

செய்தி பரவியதும் நாட்டு மக்கள் உள்ளம் உருகியது. விடுதலை தந்தவரின் வீடு சீட்டில் போவதா என்று பல நகரங்களில் நன்கொடை திரட்டினர். சில ஆயிரம் டாலர்கள் சேர்ந்தன. கடனுக்கு அது போதவில்லை. ஆனால் நன்கொடை வரும் என்ற நம்பிக்கையில் சீட்டு விற்பனை நின்றுபோயிற்று. அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள், விடுதலை அறிக்கையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளிலேயே ஜெஃபர்சன் இறந்தார். கடன் ஏறக்குறைய 1,07,000 டாலர். அவர் மறைந்ததும் இரக்கம் ஆறிப்போயிற்று. குலுக்கல் நடைபெறவே இல்லை. 1831இல் அந்த வீடும் விற்கப்பட்டது.

வீட்டுக்கு முன்பே விற்கப்பட்டவை வேறு. 1827 சனவரியில் மொன்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. மேசை, நாற்காலி, கால்நடைகளோடு 130 அடிமை மக்களும் ஏலத்தில் நிறுத்தப்பட்டனர். கணவர் ஓரிடம், மனைவி ஓரிடம், பிள்ளைகள் வேறிடம் என்று சிதறினர். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று எழுதிய கையின் கடன், அந்த மனிதர்களை விற்று அடைக்கப்பட்டது. சீட்டும் அவர்களைக் கேட்டு அச்சிடப்படவில்லை; ஏலமும் அவர்களைக் கேட்டு நடக்கவில்லை. ஒரு வீட்டின் கடன் யார் யார் தலையில் விடிகிறது என்பதை, பரிசுப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் ஒருநாளும் அறிவதில்லை.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில், அரசின் அனுமதியற்ற குலுக்கல்களைப் பொதுத் தொல்லையென 1844ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் தடுத்தது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதியற்ற குலுக்கலுக்கென இடம் வைத்து நடத்துவோர்க்கு ஆறு மாதம் வரை சிறை; அதற்கு அறிவிப்பு வெளியிடுவோர்க்குத் தண்டத்தொகை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே விதி 297ஆம் பிரிவாக நிற்கிறது. அறிவிப்புக்கான தண்டம் 5,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. பணமோ பொருளோ மட்டுமன்று, சீட்டு விழுவதைப் பொறுத்து ஒருவருக்கு எந்த நன்மையைச் செய்வதாக அறிவித்தாலும் அது குற்றமே. ஆகவே வீடும் தப்பாது. பீடத்தருகே நின்று அறிவிப்பு வாசிக்கும் பங்குத்தந்தையும் எண்ணிப் பார்க்க வேண்டிய பிரிவு இது!

அரசு நடத்தும் குலுக்கலின் கதை வேறு. 1968இல் தமிழக அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கியபோது, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற முழக்கம் மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. விழாதவர்களின் வீட்டில் அடுப்பு எரியாமற்போனதை நாம் பங்குகளில் கண்ணால் கண்டோம். கூலியைச் சீட்டாக்கிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய ஆண்களையும், மாதா கெபியில் அழுது நின்ற பெண்களையும் அக்காலத்துக் குருக்கள் எவரும் மறக்க மாட்டார்கள். 2003 சனவரியில் தமிழகத்தில் எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டன. அண்டை மாநிலமான கேரளத்தில் அரசே சீட்டு நடத்துகிறது; அங்குகூடத் தனியாருக்கு அந்த உரிமை இல்லை. 2022இல் திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பம் கடனை அடைக்கக் கூப்பன் அச்சிட்டு வீட்டைக் குலுக்கலுக்கு விட முயன்றபோது, அது சட்டத்துக்குப் புறம்பானது என்று அம்மாநில லாட்டரித் துறை தடுத்தது.

இங்கிலாந்தில் இன்றும் சிலர் தம் வீட்டைச் சீட்டுக்கு விடுகிறார்கள். தனியார் இலாபத்திற்காகக் குலுக்கல் நடத்த அங்கும் இயலாது. ஆனால் உண்மையான திறமையைச் சோதிக்கும் கேள்வி ஒன்றை வைத்தோ, கட்டணமின்றி அஞ்சலில் கலந்துகொள்ளும் வழியைத் திறந்தோ நடத்தினால், 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் அதைக் குலுக்கலாகக் கொள்வதில்லை. அந்தச் சந்து நம் ஊர்ச் சட்டத்தில் இருப்பதாக எண்ணி எவரும் நுழைந்துவிட வேண்டாம்.

வழக்கறிஞர் எனக்கு மேலும் இரண்டைச் சுட்டிக்காட்டினார். ஒன்று, பந்தய உடன்பாடுகள் செல்லாதவை என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். சீட்டை வாங்கியவர்க்கு வீடு எழுதித் தரப்படாவிட்டால், அந்தச் சீட்டைக் காட்டி நீதிமன்றத்தில் வீட்டைக் கேட்க இயலாது. மற்றொன்று, குலுக்கலில் கிடைக்கும் பரிசுக்கு 30 விழுக்காடு வருமான வரி உண்டு. முப்பது லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு வரி மட்டும் ஒன்பது லட்சம். பத்திரச் செலவு தனி. ஆயிரம் ரூபாய்ச் சீட்டு வாங்கிய ஏழை ஒன்பது லட்சத்துக்கு எங்கே போவார்? வீட்டைப் பெற்ற மறுநாளே அவரும் கடனாளி ஆவார்.

திருச்சபையின் பார்வை

சட்டம் தடுப்பதனாலேயே ஒன்று பாவமாகிவிடுமா என்று கேட்கலாம். சீட்டுப் போடுதல் விவிலியத்திற்குப் புதிதன்று. யோசுவா சீலோவில் ஆண்டவர் திருமுன் சீட்டுப்போட்டே குலங்களுக்கு நாட்டைப் பங்கிட்டார். யூதாசின் இடத்திற்கு மத்தியா சீட்டின் வழியே தேர்ந்துகொள்ளப்பட்டார். கல்வாரியிலும் ஒரு சீட்டு விழுந்தது: தையலற்ற அங்கிக்காகப் படைவீரர் போட்ட சீட்டு. தூய தோமா அக்குவினா சீட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறார்: பங்கிடுவதற்கான சீட்டு, என்ன செய்வதெனத் தெளிவதற்கான சீட்டு, வருவதுரைக்கும் சீட்டு. யோசுவாவின் சீட்டு முதல் வகை. அதில் எல்லாக் குலத்திற்கும் பங்கு இருந்தது. எவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. வீட்டுக் குலுக்கலில் ஒருவர் பெறுகிறார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் இழக்கின்றனர்.

திருச்சபையின் வரலாற்றிலும் இதில் தடுமாற்றம் உண்டு. உரோமையில் திருத்தந்தை பதின்மூன்றாம் ஆசீர்வாதப்பர் லாட்டரியைத் தடை செய்தார். அவருக்குப் பின் வந்த பன்னிரண்டாம் கிளமெந்து 1731இல் அதை மீண்டும் அனுமதித்தார். உலகமே வியக்கும் திரேவி நீரூற்றுக்கு அந்த வருவாய் உதவியது. இதை மறைப்பதில் பயனில்லை. வாய்ப்பு விளையாட்டுகள் தம்மிலே நீதிக்கு முரணானவை அல்ல, ஆனால் ஒருவரின், அவரைச் சார்ந்தோரின் அடிப்படைத் தேவைகளைப் பறிக்கும்போது அவை ஒழுக்கத்திற்கு ஏற்றவை ஆகா என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2413ஆம் எண்ணில் தரும் போதனையின் சாரம். திருச்சபைச் சட்டத் தொகுப்போ, கோயில் சொத்துகளை நிர்வகிப்போர் நாட்டுச் சட்டத்தையும் கடைப்பிடிக்க வேண்டும் என்று 1284ஆம் சட்டத்தில் கட்டளையிடுகிறது. இந்த இடத்தில்தான் அவருடைய இரண்டாம் கேள்வி என்னைக் குத்தியது.

மறுவாரம்

அடுத்த வெள்ளியன்று அவர் வந்தார். முதலில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். திருவிழாவில் நாம் விற்கும் இருபது ரூபாய்ச் சீட்டும் சட்டத்தின் அதே பிரிவுக்குள் வருவதே. சிறியது என்பதாலும், கோயிலுக்கு என்பதாலும் எவரும் கேட்கவில்லை, அவ்வளவே. இவ்வாண்டு முதல் அது இராது என்றேன். பிறகே அவருடைய திட்டத்திற்கு என்னால் துணைநிற்க முடியாத காரணங்களை விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்படியானால் நான் என்ன செய்வது, சாமி?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்விக்குச் சட்ட நூலில் விடையில்லை. 'கூடாது' என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது; ஜெஃபர்சனுக்காக இரங்கிய நகரங்களும் கொஞ்சம் இரங்கி, கொஞ்சம் கொடுத்து, மறந்தே போயின. பங்குப் பேரவையிலிருந்து மூவரும் வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவரும் என்னோடு சேர்ந்து, கடன் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தோம். ஒருவர் வட்டியைத் தள்ளுபடி செய்தார். இருவர் ஆறு மாதத் தவணை தந்தனர். ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை. அவசரம் நீங்கியதும் வீட்டுக்கு ஓரளவு நியாயமான விலை வந்தது. கேட்ட விலை அன்று. ஆனால் பாதி விலையும் அன்று. வீடு போனது. கடன் அடைந்தது. இன்று அக்குடும்பம் கோயிலுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கிறது.

திருவிழாவில் இவ்வாண்டு குலுக்கல் இல்லை. வழக்கமான ஏலம் மட்டும் நடந்தது. யாரோ நேர்ச்சையாகக் கொண்டுவந்த சேவல், பூசணிக்காய், வாழைத்தார். ஏலத்தில் தோற்றவர் தம் பணத்தோடு வீடு திரும்புகிறார். வென்றவர் கோயிலுக்கென்று தெரிந்தே கூடுதலாகக் கொடுக்கிறார். எவருடைய இழப்பும் எவருக்கும் பரிசாவதில்லை. வருவாய் சென்ற ஆண்டைவிடக் குறைவு என்று பொருளாளர் முகம் வாடியது உண்மைதான்.

ஏலத்தின் முடிவில் ஒரு வாழைத்தாரை முந்நூறு ரூபாய்க்கு எடுத்தவர் வீட்டை விற்ற அந்த நண்பர்தான். அத்தனை பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கடன் கொடுத்த நால்வர் வீட்டுக்கும் ஒவ்வொரு சீப்பு என்றார். கதவைத் திறக்காதவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான்.